சாம்பலின் குணமும் கணக்கின் எல்லையும்

விறகின் தரத்தை அளப்பதற்கு நம் முன்னோர் கொண்டிருந்த முறை எளியது. நன்றாய்க் காய்ந்திருக்கிறதா, அனல் நின்று எரிகிறதா, புகை குறைவா என்னும் மூன்று வினாக்களே அவர்கட்குப் போதுமானவையாயிருந்தன. சமையலடுப்பு அதற்குமேல் ஒன்றும் கேட்பதில்லை. அடுப்பில் எஞ்சிய சாம்பலைப் பாத்திரம் துலக்கவும் செடிக்கு இடவும் பயன்படுத்திய பின்னர், அதனைக் குறித்து மேற்கொண்டு சிந்திப்பார் இலர். ஆனால் வைக்கோலையும் உமியையும் கரும்புச் சோகையையும் ஆயிரக்கணக்கான டன் எரித்து நீராவியும் மின்சாரமும் உண்டாக்க முற்பட்ட இக்காலத்தில், எரிவதைக் காட்டிலும் எரிந்து எஞ்சுவதே பெருங்கவலைக்கு இடமாகிவிட்டது. உலையின் வெப்பத்தில் சாம்பல் பொடியாகவே நின்று உதிருமா, அன்றி இளகி உருகிக் கட்டியாகுமா என்பதே அக்கவலை.

எரிபொருளின் இரசாயனச் சேர்மானத்தை அறிந்துவிட்டால், அதன் சாம்பல் எந்த உஷ்ணநிலையில் உருகும் என்பதை முன்கூட்டியே கணித்துச் சொல்லிவிடலாம் என்பது பலருடைய நம்பிக்கை. அதற்கெனச் சூத்திரங்களும் குறியெண்களும் பல உள. அவற்றின் மதிப்பைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. எனினும், கணக்கை மட்டும் நம்பி உலை கட்டுவது, ஜாதகத்தை மட்டும் பார்த்துச் சம்பந்தம் முடிப்பதைப் போன்றதாம் என்பது நம் கருத்து. சேர்மானம் சொல்லுவதைக் கேட்க வேண்டும். கேட்டபின் சாம்பலையே நேரிற் சோதிக்கவும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கொள்வோர் நஷ்டத்திற்கு ஆளாவர் என்பதை ஈண்டு எடுத்துக் காட்ட முயல்வோம்.

உருகிய சாம்பல் விளைக்கும் தீங்குகள் நால்வகைப்படும். முதலாவது, உலைத் தட்டின்மேல் எரியும் பொருளின் அடியில் சாம்பல் இளகிப் பாறைபோல் இறுகுவது. பாய்லர்த் தொழிலாளர் இதனைக் ‘கிளிங்கர்’ என்பர். காற்று நுழையும் துவாரங்களை இஃது அடைத்துவிடும். கடப்பாரை கொண்டு இடித்தாலன்றிப் பெயராது. இரண்டாவது, ஆவியாய் எழுந்த பொட்டாசிய உப்புக்கள் நீராவிக் குழாய்களின்மேற் படிந்து, பறந்து வரும் சாம்பலைப் பசைபோற் பற்றி வைத்து, குழாய்க்குள் வெப்பம் செல்லாதவாறு தடுப்பது. மூன்றாவது, அப்படிவில் குளோரின் கலந்திருப்பின் குழாயின் உலோகம் அரிக்கப்படுவது. நான்காவது, மணலைக் கீழிருந்து வீசும் காற்றினால் மிதக்கச் செய்து அதனிடையே எரிபொருளை எரிக்கும் உலைகளில் நேர்வது. மணற்பரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மணற்படுக்கை முழுவதும் அசைவற்று நின்றுவிடும். இந்நான்கில் எது நேரினும் உலையை அவித்து, ஆறவைத்து, உள்ளே ஆள் இறங்கிச் சீர்செய்தல் வேண்டும்.

உலை நின்றால் முதலாளிக்கு மட்டுமே நஷ்டம் என்று எண்ணுதல் கூடாது. அவ்வுலையை நம்பி வைக்கோலைத் திரட்டிக் கட்டி வைத்த உழவனுக்கும் அது நஷ்டமே. ‘இந்த வைக்கோல் எமக்கு ஆகாது’ என்று வாயிலிலிருந்து வண்டி திருப்பப்பட்டால், அவன் அடுத்த அறுவடையில் வயலிலேயே தீ வைத்துவிடுவான். பஞ்சாப், ஹரியானா முதலிய வடபுலங்களில் அவ்வாறு மூட்டப்படும் தீயின் புகை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தில்லி நகரத்தாரின் மூச்சை அடைப்பதைப் பத்திரிகைகளில் ஆண்டுதோறும் படிக்கிறோம். ஆகவே சாம்பலைப்பற்றிய இவ்வாராய்ச்சி, சோதனைச்சாலையோடு முடிந்துவிடும் விஷயமன்று.

இனி, பலரிடம் வேரூன்றியுள்ள தவறான எண்ணம் ஒன்றை முதலிற் களைதல் வேண்டும். சாம்பல் மிகுந்த எரிபொருள் தீயது, சாம்பல் குறைந்தது நல்லது என்பதே அவ்வெண்ணம். நெல் உமியை நோக்குவோம். அதனை எரித்தால் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை சாம்பல் எஞ்சும். கோதுமை வைக்கோலிலோ எஞ்சுவது பெரும்பாலும் 4 முதல் 8 பங்கே. அளவை மட்டும் பார்ப்பவன் வைக்கோலையே விரும்புவான். ஆனால் உமியின் சாம்பல் பெரும்பாலான உலைகளில் உதிர்ந்த பொடியாகவே வெளிவரும். வைக்கோலின் சாம்பலோ 800 முதல் 1,000 சென்டிகிரேடு பாகைக்குள்ளாகவே இளகத் தொடங்கிவிடக்கூடும். காரணம் அளவில் இல்லை, குணத்தில் இருக்கிறது. உமிச் சாம்பலில் நூற்றுக்கு 90 பங்கை ஒட்டிச் சிலிக்கா, அஃதாவது மணற்சத்து. பொட்டாஷ் மிகச் சிறிதே. கோதுமை வைக்கோற் சாம்பலில் ஏறத்தாழப் பாதி சிலிக்கா. அதனோடு ஐந்திலொரு பங்கு வரையில் பொட்டாஷும் கூடியிருத்தல் உண்டு.

இவ்விரண்டும் கூடுவதால் என்ன நேருகிறது? பற்றாசு வைக்கும் தொழிலாளி இதனை நன்கறிவான். வெள்ளீயம் 232 பாகையில் உருகும். காரீயம் 327 பாகையில் உருகும். இவ்விரண்டையும் தக்க அளவிற் கலந்தால் அக்கலவை 183 பாகையிலேயே உருகிவிடுகிறது. கலவை தன் உறுப்புக்கள் இரண்டினும் எளிதில் உருகுவது இயற்கையில் பல பொருள்களிடம் காணப்படும் நியதி. சிலிக்கா தனித்து நின்றால் 1,713 பாகை வரையில் உருகாது. பொட்டாஷுடன் உரிய அளவிற் சேர்ந்தாலோ ஏறக்குறைய 770 பாகையிலேயே உருகிய கண்ணாடியாகிவிடும். உலையில் எரியும் எரிபொருள் இந்த உஷ்ணநிலையை எளிதில் தாண்டும்.

கண்ணாடி என்று நாம் கூறியது உவமையன்று. பாலஸ்தீனத்துக் கடற்கரையில் பெலுஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் வணிகர் சிலர் காரக்கட்டிகளை அடுப்புக்கல்லாக வைத்துச் சமைக்க, அவை மணலோடு உருகிக் கண்ணாடி ஓடிற்று என்று முதல் நூற்றாண்டினரான உரோமானிய ஆசிரியர் பிளினி எழுதி வைத்தார். அக்கதை நம்பத்தக்கதன்று என்பார் பலர். எனினும் மணலும் காரமும் கூடினால் கண்ணாடி என்னும் உண்மை அதனுள் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தியோபிலஸ் என்னும் கிறிஸ்தவத் துறவி, பீச் மரத்தின் சாம்பல் இரண்டு பங்கும் தூய மணல் ஒரு பங்கும் கலந்து கண்ணாடி செய்யும் முறையைத் தம் கைத்தொழில் நூலில் விளக்கினார். பொட்டாசியம் என்னும் பெயரே பானையிற் காய்ச்சிய சாம்பலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது. ஹம்பிரி டேவி 1807-ஆம் ஆண்டில் அத்தனிமத்தைப் பிரித்தெடுத்தபோது இப்பெயரை இட்டார். கண்ணாடி செய்வோன் விரும்பித் தேடியது எதுவோ, அதுவே பாய்லர்க்காரன் அஞ்சி விலக்குவது. அன்றைய தொழிலாளி காட்டிலிருந்து சாம்பலையும் ஆற்றிலிருந்து மணலையும் கொணர்ந்து கூட்டினான். வைக்கோலிலோ அவ்விரண்டும் இயற்கையாகவே கூடியிருக்கின்றன.

பிற உறுப்புக்களையும் சுருங்கச் சொல்லுவோம். சுண்ணாம்பும் மக்னீசியாவும் தனித்து நிற்கையில் 2,500 பாகைக்கும் மேலன்றி உருகா. ஆதலின் அவை மிகுந்த தூய விறகின் சாம்பல் பொதுவாக எளிதில் இளகுவதில்லை. பாஸ்பரஸ் தானியங்களில் மிகுதி. அது பொட்டாசியத்தோடு சேரின் சாம்பல் எளிதில் உருகும், சுண்ணாம்போடு சேரின் உருகுதல் அரிது. குளோரின் தானே உருக்குவதைக் காட்டிலும், பொட்டாசியத்தை ஆவியாக்கிக் குழாய்களிடம் கொண்டு சேர்க்கும் வாகனமாய் நின்று தீங்கு செய்கிறது. களிமண்ணிலுள்ள அலுமினாவோ நன்மை செய்வது. சீனக்களிமண்ணைச் சிறிது கலந்து எரித்தால் அது பொட்டாசியத்தைப் பிணித்து, 1,500 பாகைக்கும் மேல் உருகும் கனிப்பொருளாக மாற்றிவிடும். இவையெல்லாம் இரசாயனம் நமக்கு அளித்த தெளிவான அறிவு. இவ்வளவும் தெரிந்திருக்க, கணக்கினால் ஏன் உருகுநிலையைத் துணிந்துவிடலாகாது என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு விடை கூறுவோம்.

முதற் காரணம், கைக்கொள்ளப்படும் சூத்திரங்கள் பல வேறொரு பொருளுக்காகப் பிறந்தவை என்பது. நிலக்கரிச் சாம்பலை ஆராய்ந்தோர் இரும்பு, சுண்ணாம்பு, மக்னீசியா, சோடா, பொட்டாஷ் என்பவற்றைக் காரப்பொருள் என்றும், சிலிக்கா, அலுமினா, டைட்டானியா என்பவற்றை அமிலப்பொருள் என்றும் வகுத்து, முன்னதன் மொத்தத்தைப் பின்னதன் மொத்தத்தால் வகுத்தனர். நிலக்கரிச் சாம்பலிற் பெரும்பகுதி அமிலப்பொருள். அதில் காரம் ஏற ஏற உருகுநிலை இறங்கும். ஆதலின் ஈவு பெரிதானால் ஆபத்து என்பது அங்கே பொருந்திற்று. விறகுக்கு இதனைக் கொண்டுவந்தவுடன் கணக்குப் பிறழ்கிறது. விறகுச் சாம்பலிற் சுண்ணாம்பே தலைமை பெறுவதால் ஈவு மிகப் பெரிதாய் வந்து, ‘இஃது உடனே உருகிவிடும்’ என்று அச்சுறுத்தும். உண்மையில் அச்சாம்பலோ எளிதில் உருகாது. இருபொருட் கலவையில் உருகுநிலை நடுவில் ஓரிடத்தில் மிகத் தாழ்ந்து, அதனைக் கடந்தபின் மீண்டும் ஏறும் என்பதை மேற்கூறிய ஈயக் கலவையே காட்டும். நிலக்கரி அத்தாழ்விடத்தின் ஒரு கரையில் நிற்க, விறகு மறு கரையில் நிற்கிறது. ஒரு கரையில் எழுதிய வழிக்குறிப்பு மறு கரையில் செல்லாது.

தாவர எரிபொருளுக்கென்றே அமைந்த குறியெண்களும் இடறாதவை அல்ல. எரிபொருள் தரும் ஒரு ஜிகாஜூல் வெப்பத்திற்குப் பொட்டாஷும் சோடாவும் எத்தனை கிலோகிராம் வருகின்றன என்று அளப்பது ஒரு முறை. அது 0.17-க்குக் கீழாயின் அச்சமில்லை என்றும், 0.34-க்கு மேலாயின் குழாய்களிற் படிவு உண்டாதல் ஏறத்தாழ உறுதி என்றும் அம்முறையாளர் கூறுவர். கணக்கிற்காக ஓர் உமியை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு 18 பங்கு சாம்பல். அச்சாம்பலில் நூற்றுக்கு 2.5 பங்கு பொட்டாஷ். ஒரு டன் உமியின் வெப்பம் 15 ஜிகாஜூல் என்க. ஒரு டன்னுக்கு 4.5 கிலோகிராம் பொட்டாஷ், ஜிகாஜூலுக்கு 0.30. அபாயத்தின் வாயிலில் நிற்கும் எண் இது. ஆயினும் அச்சிறிய பொட்டாஷ் பெருமளவு சிலிக்காவிற் கரைந்து போவதால், உமிச் சாம்பல் பொடியாகவே நிற்கிறது. குறியெண் பொட்டாஷை எண்ணிற்றேயன்றி, அதன் பக்கத்தில் நிற்பவர் யார் என்று பார்க்கவில்லை.

இக்குறையை உணர்ந்து, ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து ஆராய்ச்சியாளர் 2012-ஆம் ஆண்டில் வேறொரு குறியெண்ணை முன்வைத்தனர். சிலிக்கன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றையும் எடையால் அன்றி அணுக்களின் எண்ணிக்கை விகிதத்தாற் கூட்டி, அதனைக் கால்சியம், மக்னீசியம் இரண்டின் தொகையால் வகுப்பது அது. உருக்குவோரையும் உருகாது காப்போரையும் எதிரெதிரே நிறுத்துவதால், இது முன்னையவற்றினும் அறிவுக்கு ஒத்தது. இன்னும் பிற்பட்ட காலத்தில், பற்பல சாம்பல்களின் சேர்மானத்தையும் உருகுநிலையையும் கணிப்பொறிக்குப் பயிற்றி, புதிய சாம்பலின் உருகுநிலையை அதனைக்கொண்டே சொல்லுவிக்கும் முறைகளும் வந்துள்ளன. இவை கைக்கணக்கினும் நுட்பமானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் எத்தகைய சாம்பல்களைக் கொண்டு பயின்றனவோ, அத்தகையவற்றைக் குறித்தே அவற்றின் சொல் நம்பத்தக்கது. ஸ்வீடனின் ஊசியிலை மரத்தையும் டென்மார்க்கின் கோதுமை வைக்கோலையும் கண்டு பயின்ற கணக்கு, நம் நாட்டுக் கரும்புச் சோகையைக் குறித்துக் கூறும் விடையை உறுதியென்று கொள்ளல் ஆகாது.

இரண்டாம் காரணம், சேர்மானம் என்று நாம் வழங்கும் எண்கள் எதன் சேர்மானம் என்பது. ஒரே பயிர் நிலத்துக்கு நிலம், ஆண்டுக்கு ஆண்டு வேறுபடுகிறது. பொட்டாசியம் குளோரைடை உரமாக இட்ட வயலின் வைக்கோலிற் குளோரின் மிகும். அறுத்தபின் மழையில் நனைந்த வைக்கோலிற் பொட்டாசியமும் குளோரினும் குறையும். தரையிலிட்டு வாரிய வைக்கோலில் மண் சேரும். வேரோடு பிடுங்கிய மரத்திலும் அவ்வாறே. தூய விறகுக்குச் சுண்ணாம்புச் சாம்பலால் வந்த நன்மை, ஒட்டிவந்த மணலின் சிலிக்காவாற் கெட்டுவிடுகிறது. ஒரு கைப்பிடி மாதிரியை ஆராய்ந்து எழுதிய எண், வண்டி வண்டியாய் வருவது அனைத்துக்கும் பொருந்துமென்று யார் உறுதி கூறுவர்?

மூன்றாம் காரணம், மொத்தச் சேர்மானம் ஒரு தனிமம் எவ்வளவு என்று கூறுமேயன்றி, எவ்வடிவில் இருக்கிறது என்று கூறாது. தாவரத்தின் சாற்றிற் கரைந்து நிற்கும் பொட்டாசியம் தீயில் உடனே செயற்படும். ஒட்டிவந்த மண்ணின் கனிப்பொருளுக்குள் பிணிப்புண்டு கிடக்கும் பொட்டாசியம் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். எண் இரண்டையும் ஒன்றாகவே கூட்டிவிடுகிறது. எரிபொருளை முதலில் நீரிலும், பின் அம்மோனியம் அசிடேட்டுக் கரைசலிலும், இறுதியில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் ஊறவைத்து, எவ்வளவு எதிற் கரைகிறது என்று பகுத்தறியும் முறை உண்டு. மொத்த எண்ணைக் காட்டிலும் இப்பகுப்பே மிகுந்த பயன் தருவது.

நான்காம் காரணம், உருகுநிலை என்பதே ஒற்றை எண் அன்று என்பது. பனிக்கட்டியைப்போல் ஒரே பாகையில் உருகுவதன்று சாம்பல். சோதனைச்சாலையிற் சாம்பலைப் பிடித்து உருவாக்கிய சிறு வில்லையைச் சூடேற்றி, அது சுருங்கத் தொடங்குவது, விளிம்பு மழுங்குவது, அரைக்கோளமாய்க் குவிவது, பரந்து ஓடுவது என நான்கு நிலைகளைக் குறிப்பர். தாவர எரிபொருளுக்கான இச்சோதனை 2020-ஆம் ஆண்டில் சர்வதேசத் தரமாக வகுக்கப்பட்டது. இந்நான்கிற்கும் இடையே நூறு பாகைகளுக்கு மேலும் வேறுபாடு இருத்தல் கூடும். அன்றியும், கண்ணுக்கு வடிவம் மாறத் தோன்றுமுன்னரே சாம்பலின் ஒரு சிறு பகுதி உருகி ஒட்டுந்தன்மை அடைந்துவிடுகிறது. நிலக்கரியை 815 பாகையிலும் தாவரப்பொருளை 550 பாகையிலும் சாம்பலாக்கிச் சோதிப்பதற்குக் காரணம், மிகு வெப்பத்திற் பொட்டாசியமும் குளோரினும் ஆவியாய்ப் போய்விடும் என்பதே. உண்மை உலையில் அவ்வாறு போனவை குழாய்களிற் சென்று படிகின்றன. ஆகவே வில்லைச் சோதனையும் முழு உண்மையைக் கூறுவதன்று. சிறிய உலையில் எரித்துப் பார்ப்பதே இறுதிச் சோதனை.

இவ்வளவும் கேட்ட ஒருவர், ‘அப்படியாயின் கணக்கு எதற்கு? எரித்துப் பார்த்தே தெரிந்துகொள்வோம்’ என்பாராயின், அதனையும் நாம் ஒப்பமாட்டோம். சேர்மானத்தை மதித்தவர் அடைந்த பயனுக்குச் சான்றுகள் உள. டென்மார்க் தேசத்தார் 1993-ஆம் ஆண்டில் ஓர் உடன்பாடு செய்து, ஆண்டுதோறும் 12 இலட்சம் டன் வைக்கோலும் 2 இலட்சம் டன் மரச்சில்லும் மின்நிலையங்களில் எரிக்கத் தீர்மானித்தனர். மழைபடாத மஞ்சள் வைக்கோல், மழையில் நனைந்து வெளிறிய சாம்பல்நிற வைக்கோல் என இருவகையாக அவர்கள் பிரித்தறிந்தனர். பின்னதிற் பொட்டாசியமும் குளோரினும் குறைவு. என்ஸ்டெட் என்னுமிடத்தில் 1998-ஆம் ஆண்டில் அமைத்த நிலையத்தில், வைக்கோல் உலையில் நீராவியை 470 பாகை வரையிலேயே சூடேற்றி, அதற்குமேல் 542 பாகை வரை மரச்சில்லு எரியும் தனி உலையிற் சூடேற்றினர். அரிக்கும் தன்மையுடைய எரிபொருளுக்கு இளஞ்சூடான குழாயும், குளோரின் குறைந்த எரிபொருளுக்கு மிகச் சூடான குழாயும் என வகுத்த அவ்வறிவு, சேர்மானத்தைப் படித்ததால் வந்ததேயன்றி வேறன்று.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் நெல் வயல்களில் வைக்கோல் எரிப்பதைப் படிப்படியாய்க் குறைக்கப் பணித்தது. அங்கிருந்த மின்நிலையங்களோ அவ்வைக்கோலை ஏற்க அஞ்சின. டேவிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தார் வைக்கோலை வெறும் நீரில் அலசிப் பார்த்து, பொட்டாசியத்தில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேலும், குளோரினில் 90 பங்குக்கு மேலும் நீங்கிவிடுவதை 1996-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நீரும், அதனை மீண்டும் உலர்த்தும் செலவும் உண்டு என்பது மெய்யே. எனினும் நோயின் மூலம் எது என்று அறிந்தமையாலன்றோ மருந்து இன்னதென்று தோன்றிற்று?

இதே பாடத்தை நம் நாட்டுச் சர்க்கரை ஆலையிலும் காணலாம். ஒரே கரும்பிலிருந்து வருபவை சக்கையும் சோகையும். ஆலையிற் கரும்பைப் பிழியும்போது நீர் தெளித்துத் தெளித்துச் சாற்றை எடுப்பதால், கரையும் பொட்டாசியமும் குளோரினும் சாற்றோடு போய்விடுகின்றன. அதனாற் சக்கை பாய்லருக்கு உகந்த எரிபொருளாயிற்று. சோகை அவ்வாறு கழுவப்படாமல் வயலிலேயே நிற்பது. அதிற் பொட்டாசியமும் குளோரினும் பன்மடங்கு மிகுதி. ‘கரும்புதானே, சக்கை எரிந்த உலையிற் சோகை எரியாதா?’ என்று கேட்பவன் பெயரை நம்பிக் குணத்தை மறந்தவனாவான். சேர்மானத்தை ஒரு முறை பார்ப்பவனோ அத்தவற்றைச் செய்யான். நம் தென்மாவட்டங்களில் மின்சாரத்திற்காக வெட்டப்படும் சீமைக்கருவேலும் இத்தகையதே. வெட்டிய விறகும் வேரோடு தோண்டிய கட்டையும் ஒரே மரமாயினும், ஒட்டிவரும் மண்ணால் உலைக்கு வெவ்வேறு பொருள்களாகிவிடும்.

ஆகவே நாம் கூறும் முடிவு யாதெனில், கணக்கும் சோதனையும் வரிசை முறைப்படி நிற்க வேண்டும் என்பதே. சேர்மானத்தைக் கொண்டு கணிப்பது சல்லடை போன்றது. பத்து எரிபொருள்களில் ஐயத்திற்கு இடமான மூன்றைப் பிரித்துக் காட்டும். அம்மூன்றையும் வில்லைச் சோதனைக்கும் சிற்றுலைச் சோதனைக்கும் உட்படுத்துவது அடுத்த படி. சோதனையில் உருகியது ஏன் உருகிற்று என்று அறிந்து, அலசுவதா, சீனக்களிமண் சேர்ப்பதா, வேறோர் எரிபொருளைக் கலப்பதா, உலையின் வெப்பத்தைத் தாழ்த்துவதா என்று தீர்மானிக்க மீண்டும் சேர்மானமே துணை செய்யும்.

இந்திய அரசாங்கத்தின் மின்சார அமைச்சகம், நிலக்கரி மின்நிலையங்கள் பயிர்க்கழிவால் ஆன எரிகட்டிகளை நூற்றுக்கு 5 பங்கு கலந்து எரிக்க வேண்டுமென்று 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் கொள்கை வகுத்தது. நோக்கம் நல்லது. நிலக்கரிச் சாம்பலிலுள்ள அலுமினாவும் சிலிக்காவும் பொட்டாசியத்தைப் பிணிக்கவல்லன ஆதலின், சிறு அளவிற் கலப்பது பொதுவாக அஞ்சத்தக்கதுமன்று. ஆயினும் தாவரப்பொருளை மட்டுமே எரிக்கும் சிறு ஆலைகளுக்கு அத்துணை இல்லை. அவை வாங்கும் பொருளின் எடையையும் ஈரத்தையும் அளந்து விலை தருவதோடு நில்லாமல், சாம்பலிற் பொட்டாசியம், சிலிக்கா, சுண்ணாம்பு, குளோரின் எவ்வளவு என்பதையும் அறிந்து விலை தர வேண்டும் என்பது நம் கோரிக்கை. மழையில் அலசுண்ட வைக்கோலுக்கும், மண்ணின்றி வாரிய சோகைக்கும் ஒரு காசு கூடக் கிடைக்குமாயின், உழவன் தானே அவ்வாறு கொணர முற்படுவான். இன்றோ நல்லதற்கும் தீயதற்கும் ஒரே விலை. உலை பழுதாகும் நாளில் மட்டும் எல்லா வைக்கோலுக்கும் ஒரே பழி.

இதில் கல்லூரிகளுக்கும் பங்கு உண்டு. ஐரோப்பாவில், குறிப்பாக நெதர்லாந்தில், ஆயிரக்கணக்கான தாவர எரிபொருள்களின் சேர்மானத்தைத் தொகுத்து யாவரும் காணுமாறு வைத்துள்ளனர். நம்மைச் சுற்றியுள்ள ஊர்களின் பருத்திமார், நிலக்கடலைத் தொலி, தென்னைமட்டை, சோளத்தட்டை என்பவற்றின் சாம்பலை, எந்த ஊர், எந்த மண், எந்தப் பருவம் என்ற குறிப்போடு ஆராய்ந்து எழுதி வைப்பது நம் இரசாயனச் சாலைகளின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. 550 பாகை வரை சூடேறும் மின்னுலையும், பொட்டாசியத்தை அளக்கும் சுடர் ஒளிமானியும், பொறுமையும் இருந்தால் தொடங்கிவிடலாம். ஆண்டுதோறும் மாணாக்கர் அதே உப்பை அதே முறையில் ஆராய்ந்து, விடை முன்னரே தெரிந்த வினாவுக்கு விடை எழுதுகின்றனர். அதில் ஒரு பகுதியையேனும் விடை தெரியாத வினாவுக்குத் திருப்பினால், கற்றலும் ஆகும். நாட்டுக்குத் தொண்டும் ஆகும். பழைய மாணவர்களாய் இன்று ஆலைகளில் அலுவல் பார்ப்போர், தம் உலையில் உடைத்தெடுத்த கிளிங்கர்க் கட்டி ஒன்றையும், அன்று எரித்த எரிபொருளில் ஒரு படியையும் கல்லூரிக்கு அனுப்பி வைப்பாராயின், அது சிறந்த நன்கொடையாக மதிக்கத்தக்கது.

சாம்பல் என்றாலே பயனற்றுப் போனதற்கும் முடிந்துபோனதற்கும் அடையாளமாகக் கருதுவது உலக வழக்கு. எரிபொருளின் வரலாற்றிலோ சாம்பலே சாட்சி. எந்த மண்ணில் விளைந்தது, எந்த உரம் உண்டது, எந்த மழையில் நனைந்தது என்பதையெல்லாம் அது தன்னுள் பொதிந்து வைத்திருக்கிறது. அச்சாட்சியைக் கணக்கினால் விசாரிக்கவும், தீயினாற் சோதிக்கவும் அறிந்த இளைஞர் நம் கல்லூரியினின்று தோன்றுவாராக.